செயின்சா புகைகிறதா? ஆயில் போகிற வழியை முதலில் பாருங்கள்

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல் அறுக்க 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடு) போட்ட செயின்சா வைத்திருக்கிறார். அறுக்கும்போது பாரிலிருந்து புகை வருகிறது. பார் முனை நீலம் பாய்ந்துவிட்டது. புதுச் செயின் போட்டாலும் கொஞ்ச நாளில் தொங்குகிறது. ஊற்றுவது விசைப்படகு என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயில். ராத்திரி செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டு வைக்கிறார். "ஆயில் நிறையத்தான் ஊத்துறேன், இன்னும் என்ன செய்யணும்ணே?" என்பது கேள்வி.

தம்பி, டேங்கில் நிறைய ஊற்றுவதால் இது தீராது. இப்படிப் புகையோடு வரும் மிஷின்களில் பெரும்பாலானவற்றில் டேங்கில் ஆயில் இருக்கும். அது செயினுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இல்லையென்றால் ஆயில் ஒழுங்காகப் போகும், செயின் மழுங்கிக் கிடக்கும். மழுங்கின செயின் உண்டாக்கும் சூட்டை எந்த ஆயிலாலும் அடக்க முடியாது. நம் கடற்கரையில் இந்த இரண்டுக்கும் காரணம் அநேகமாக மணல்தான்.

ஆயில் எப்படிப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டேங்குக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய், அதன் நுனியில் ஒரு வடிகட்டி. அங்கிருந்து கிளட்ச் பக்கம் இருக்கும் சின்னப் பம்ப் ஆயிலை இழுத்து, பார் உட்காரும் இடத்தில் உள்ள துளை வழியாகத் தள்ளும். பார் மிஷினோடு சேரும் அடிப்பகுதியில் இருக்கும் ஆயில் துளை அதை வாங்கி, பாரின் விளிம்பில் செயின் ஓடும் பள்ளத்துக்குள் விடும். செயினின் உள்பக்கம் நீட்டிக்கொண்டு பள்ளத்தில் ஓடும் டிரைவ் லிங்க்குகள் ஆயிலை வாரி எடுத்துக்கொண்டு முனை வரை போய்த் திரும்பும். என்ஜினில் இருப்பதுபோல் இந்த ஆயில் திரும்ப டேங்குக்கு வராது. ஒருமுறை ஓடி, மரத்தூளோடு வெளியே போய்விடும். முழு ஆக்ஸிலேட்டரில் செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. உங்கள் 18 அங்குல பாருக்குப் பொதுவாக வரும் 72 லிங்க் செயினின் சுற்றளவு ஏறக்குறைய 1.2 மீட்டர். அப்படியானால் ஒரு நொடியில் பதினாறு, பதினேழு தடவை பாரைச் சுற்றி வருகிறது. அந்த வேகத்தில் ஆயில் சில நொடி நின்றாலே இரும்போடு இரும்பு உரசும்.

ஆயில் வருகிறதா என்று பார்ப்பது சுலபம். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, பார் முனையை அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அரை நிமிஷம் நன்றாக ரேஸ் கொடுங்கள். முனை தரையில் படக்கூடாது. அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழுந்தால் வழி திறந்திருக்கிறது. ஒன்றும் விழவில்லை என்றால் வெட்டுவதை நிறுத்திவிட்டு மிஷினைத் திறங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. பெட்ரோல் டேங்க் ஒருமுறை காலியாகும்போது ஆயில் டேங்கும் பெரும்பகுதி இறங்கியிருக்க வேண்டும். பெட்ரோல் தீருவதற்குள் ஆயில் தீர்ந்துவிடாதபடிதான் இரண்டு டேங்கின் அளவையும் வைத்திருக்கிறார்கள். அதனால் பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் ஆயிலும் ஊற்றிவிட வேண்டும். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் பாதிக்கு மேல் நின்றால் அதைச் சிக்கனம் என்று நினைக்காதீர்கள். எங்கோ அடைப்பு இருக்கிறது.

அடைப்பு அநேகமாக பாரில்தான். என்ஜினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பாரை வெளியே எடுங்கள். பள்ளத்துக்குள் கறுப்பாக, களிம்பு மாதிரி ஒன்று அப்பியிருக்கும்: மரத்தூள், ஆயில், மணல் மூன்றும் இறுகினது. உடைந்த ஹாக்சா பிளேடு துண்டையோ மெல்லிய தகட்டையோ பள்ளத்தில் விட்டு, அடியிலிருந்து முனையை நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தால் நீளமாகக் கயிறு போல வெளியே வரும். அதைக் கொஞ்சம் விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் மணல். இத்தனை நாளும் உங்கள் பாரை உள்ளிருந்து அராவிக்கொண்டிருந்தது அதுதான். பிறகு ஆயில் துளை. தீக்குச்சித் தலை அளவுதான் இருக்கும். கம்பியால் குத்திப் பள்ளம் வரை திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாருக்கு இரண்டு பக்கமும் துளை உண்டு, இரண்டையும் திறங்கள். மிஷின் பக்கம் ஆயில் வெளிவரும் வாயிலும் தூள் அப்பியிருக்கும், அதையும் துடைத்துவிடுங்கள். கம்ப்ரஸர் காற்று அடிப்பதானால் பள்ளத்தைத் தோண்டி எடுத்த பிறகு அடியுங்கள். முதலிலேயே அடித்தால் களிம்பு துளைக்குள் இன்னும் இறுகிவிடும்.

பார் சுத்தமாக இருந்தும் ஆயில் வரவில்லை என்றால் டேங்குக்குள் வடிகட்டியைப் பாருங்கள். மூடியைத் திறக்கும் முன் சுற்றியிருக்கும் தூளைத் துடைக்காததால் உள்ளே விழுந்த குப்பைதான் அதை அடைக்கிறது. டேங்க் மூச்சு விடும் சிறு துளை அடைபட்டாலும் இதே கதிதான்: கொஞ்ச நேரம் ஆயில் வரும், உள்ளே வெற்றிடம் உண்டானதும் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தினால் மறுபடி வருகிறது என்றால் குற்றம் அங்கேதான். இவை எல்லாம் சரி என்றால்தான் பம்பைத் தொட வேண்டும். பல மிஷின்களில் அடிப்பக்கம் ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும். சீமைக்கருவேல் மாதிரி வைரம் பாய்ந்த கட்டைக்கும் நீளமான பாருக்கும் அதைக் கூட்டி வைப்பதே சரி.

இனி எந்த ஆயில் என்ற கேள்வி. செயினுக்கு என்றே விற்கும் பார் ஆயிலில் ஒட்டும் தன்மைக்காக ஒரு பொருள் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு விரலில் தொட்டுப் பிரித்தால் நூல் மாதிரி இழுபடும். முனையில் செயின் திரும்பும்போது ஆயில் சிதறிப் போகாமல், லிங்க்குகளை இணைக்கும் ரிவெட்டைப் பிடித்துக்கொண்டிருக்க அந்த ஒட்டல்தான் உதவுகிறது. சாதாரண ஆயில் முனைக்குப் போனதுமே பாதி காற்றில் பறந்துவிடும். உங்கள் பார் முனை மட்டும் நீலம் பாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பார் ஆயில் கிடைக்காத நாளில் புது என்ஜின் ஆயில், எஸ்ஏஇ 30 தரம், ஊற்றலாம். சில மிஷின் கையேடுகளே வெயில் காலத்துக்கு அதை அனுமதிக்கின்றன. செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆயில் தண்ணியாக ஓடட்டும் என்று டீசல் கலக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் ஆயில் ஏற்கெனவே இளகித்தான் இருக்கும். அதை மேலும் இளக்குவது எதிர்மாறான வேலை.

படகில் வடித்த பழைய ஆயில் வேண்டவே வேண்டாம், தம்பி. மண்டபம், தொண்டி, ராமேஸ்வரம் எங்கே போனாலும் அது கேனில் கிடைக்கும், காசும் கிடையாது. ஏன் எல்லோரும் ஊற்றுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ஆயில் என்ஜினுக்குள் தன் வேலையை முடித்துவிட்டு வந்தது. தேய்ந்த இரும்புப்பொடி, கரி, எரிந்ததில் உண்டான அமிலம், கலந்துவிட்ட டீசல் எல்லாம் அதில் இருக்கின்றன. இரும்புப்பொடி உங்கள் பம்பைத் தேய்க்கும், அமிலம் ரிவெட்டை அரிக்கும். துணியில் வடிகட்டினால் கட்டிதான் நிற்கும், மற்றது அப்படியே இறங்கிவிடும்.

மிஷினை விடுங்கள், உங்கள் உடம்பு முக்கியம். செயின் சுற்றும்போது அந்த ஆயில் பனிப்புகை மாதிரி தெறித்துக் கை, கழுத்து, மூக்கு எல்லாவற்றிலும் படுகிறது. பழைய என்ஜின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் சேர்ந்திருக்கும். தோலில் நாள்கணக்கில் படுவது ஆபத்து. கைலியில் துடைத்துக்கொண்டு அதே கைலியோடு சாயந்திரம் வரை இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. நீங்கள் அறுக்கிற இடமும் பெரும்பாலும் கண்மாய்தான். ஊற்றின ஆயில் அத்தனையும் கடைசியில் அந்தத் தரையில்தான் விழுகிறது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் ஆடு மாடு குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது. அதை உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

சமையல் எண்ணெய் ஊற்றலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. ஊற்றலாம், ஒரு நிபந்தனையோடு. ஐரோப்பாவில் காட்டு வேலைக்குக் கடுகு வகை எண்ணெயிலிருந்து செய்த, மண்ணில் மக்கும் செயின் ஆயிலே விற்பனையில் இருக்கிறது. தாவர எண்ணெய் இரும்பில் நன்றாக ஒட்டும், மண்ணையும் கெடுக்காது. ஆனால் நாள்பட்டால் பிசினாக இறுகும். கடலை எண்ணெயை ஊற்றி அறுத்துவிட்டு ஒரு மாதம் மிஷினை மூலையில் வைத்தால் பம்பும் குழாயும் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு ஊற்றினால் அன்றே தீர்த்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் நல்ல ஆயில் ஊற்றி ஓட்டிவிட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. பார் ஆயிலைவிட மிகவும் மெல்லியது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையவும் செய்யும். மார்கழி விடியலில் பம்புக்குள் அது வேண்டாத தொல்லை.

ஆயில் வழி சரியான பிறகும் புகை வந்தால் பல்லைப் பாருங்கள். கூர்மையான செயின் மரத்தைச் சிராயாகச் சீவி எறியும். மழுங்கினது மாவாக அரைக்கும். ஆனால் சீமைக்கருவேல் காய்ந்துவிட்டால் நல்ல செயினிலும் தூள் பொடியாகத்தான் வரும், ஆகவே தூளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மிஷின் தன் எடையிலேயே மரத்துக்குள் இறங்குகிறதா, நீங்கள் அழுத்த வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்த வேண்டியிருந்தால் பல் போய்விட்டது. அழுத்தி அறுத்தால் செயின் பாரில் அமுங்கும், சூடேறும், ஆயில் கருகும், புகை வரும். உங்கள் மிஷினில் நடப்பது பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

கரிமூட்டத்துக்கு அறுப்பவர்களுக்குப் பல் சீக்கிரம் போவதற்குக் காரணம் உண்டு. மரத்தைத் தூரோடு ஒட்டி அறுக்கிறோம். கண்மாய்த் தண்ணீர் நின்ற உயரம் வரை பட்டையில் வண்டல் அப்பியிருக்கும். அதற்கு மேல் கரையான் மண். பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் போனால் காற்றே மணலைக் கொண்டுவந்து பட்டை வெடிப்பில் செருகி வைக்கிறது. அறுக்கிற இடத்தில் அரிவாளால் பட்டையைச் செதுக்கிவிட்டு அறுத்தால் செயின் ஆயுள் கண்ணுக்குத் தெரிந்தே கூடும். தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது அடியில் வேறு கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டால் போதும், காலையில் தீட்டினது வீண். பழைய வேலியோரத்து மரமானால் கம்பி உள்ளே வளர்ந்து மறைந்திருக்கும். பட்டையில் குறுக்காகத் தழும்பு தெரிந்தால் அந்த இடத்தை விட்டு அறுங்கள். வேர் எடுக்கச் செயின்சாவை மண்ணுக்குள் விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மேலே அறுத்தால் துளிர்க்கத்தான் செய்யும். வேரோடு எடுக்க வேண்டுமென்றால் அது ஜேசிபி வேலை, கடப்பாரை வேலை.

காற்றில் விழுந்த பனை, தென்னை அறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பனை வகை மரங்களின் நாரோடு நுண்ணிய சிலிக்கா மணிகள் இருக்கின்றன. மண் படாமலே அது பல்லை மழுக்கும். நாரும் கிளட்ச் மூடிக்குள் சுற்றிக்கொண்டு ஆயில் வாயை அடைக்கும். அடிக்கடி மூடியைத் திறந்து எடுத்துவிட வேண்டும். நிற்கிற பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள், அதை நினைவில் வையுங்கள்.

தீட்டுவதற்கு உருட்டு அரம்தான், ஆனால் செயினுக்கு ஏற்ற அளவு. 18 அங்குல மிஷின்களில் பரவலாக வரும் .325 செயினுக்கு (இந்த எண் லிங்க் இடைவெளி, அங்குலக் கணக்கு) 4.8 மில்லிமீட்டர் அரம். சின்ன மிஷின்களில் வரும் உயரம் குறைந்த (லோ ப்ரொஃபைல்) 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர். செயின் பெட்டியிலேயே போட்டிருக்கும். பல்லின் உள்ளிருந்து வெளிப்பக்கம், 30 டிகிரி சாய்வில், தள்ளும்போது மட்டும் அராவ வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை தள்ளு. ஒரு பக்கப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆனால் வெட்டு வளைந்து போகும், செயின் பள்ளத்தின் ஒரு சுவரில் சாய்ந்து தேய்க்கும். முழுதாக மழுங்கும் வரை விட்டுவிட்டு ஒரேயடியாகத் தீட்டுவதைவிட, பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போது பல்லுக்கு இரண்டு தள்ளு கொடுப்பது மேல். பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு முட்டு, எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். பல் தேயத் தேய முட்டு உயர்ந்து நிற்கும். நாலைந்து தீட்டலுக்கு ஒருமுறை அளவுத் தகடு வைத்துப் பார்த்துத் தட்டை அரத்தால் இறக்குங்கள். பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். வேகமாக வெட்டட்டும் என்று அதற்கு மேல் இறக்கினால் மிஷின் உங்கள் பக்கம் எகிறும். கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின் தொங்குவதைப் பற்றி. இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ரிவெட்டும் துளையும் தேய்வதால்தான் தொங்குகிறது. 72 லிங்க் செயினில் 144 ரிவெட். ஒவ்வொரு மூட்டிலும் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தேய்ந்தால் மொத்தத்தில் 7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். பல்லுக்கு ஆயில் வேண்டுவதைவிட ரிவெட்டுக்குத்தான் வேண்டும் என்பது இதனால்தான். புதுச் செயினைப் போடும் முன் ஓர் இரவு நல்ல ஆயிலில் ஊறவிடுங்கள். போட்டதும் சில நிமிஷம் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, இறுக்கம் பாருங்கள். முதல் அரை மணி நேரத்தில் பலமுறை இறுக்க வேண்டிவரும், அது இயல்பு.

இறுக்கும்போது பார் நட்டைத் தளர்த்தி, பார் முனையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பாரின் அடியில் செயின் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். முனையைத் தூக்கியபடியே நட்டை முடுக்குங்கள். வேலை நடுவே சூட்டில் தொங்கும் செயினை இறுக்கினால், முடித்ததும் மறக்காமல் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது அது சுருங்கி பாரையும் கிராங்க் பேரிங்கையும் நெருக்கும்.

உங்கள் நீலம் பாய்ந்த பாரைக் கழற்றி ஓரங்களைத் தடவிப் பாருங்கள். பிசிறு நின்றால் தட்டை அரத்தால் எடுத்துவிடலாம். முனைச் சக்கரம் கையால் சுற்றாமல் சிக்கினாலோ, பள்ளம் அகன்று செயின் பக்கவாட்டில் ஆடினாலோ பாரையே மாற்றுங்கள். புதுச் செயினை அதில் போட்டுக் கெடுக்க வேண்டாம். நல்ல பாராக இருந்தால் செயின் மாற்றும்போதெல்லாம் மேல்கீழாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் (கிளட்ச் பக்கம் செயினை ஓட்டும் பல்சக்கரம்) என்பது பொதுக் கணக்கு. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை ஓட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும். உங்களுக்கு அடிக்கடி செயின் போவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். கிளட்ச் மூடியைக் கழற்றியதும் முதலில் அதைப் பாருங்கள்.

கடைசியாக, ராத்திரி ஊறப்போடுவது. கடற்காற்று ஒரே இரவில் செயினில் துருவை ஏற்றிவிடும் என்பதால் அதை எண்ணெயில் மூழ்க வைப்பது சரியான யோசனை. ஆனால் மண்ணெண்ணெய் ரிவெட்டுக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆயிலையும் கழுவி எடுத்துவிடுகிறது. காலையில் அதை அப்படியே மாட்டினால் உலர்ந்த ரிவெட்டோடு ஓடும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவ மட்டும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துணியில் துடைத்து, வெயிலில் நன்றாக உலர்த்திவிட்டு, பிறகு மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பார் ஆயில் ஊற்றி அதில் போடுங்கள். காலையில் எடுத்து வடியவிட்டு மாட்டினால் போதும். அந்த ஆயிலையே நாள்கணக்கில் திரும்பப் பயன்படுத்தலாம். மிஷினை போர் தண்ணீரில் கழுவாதீர்கள், நம் பக்கம் அதிலும் உப்புதான். பிரஷ்ஷும் துணியும் போதும். கழற்றிய பாரிலும் ஆயில் தடவி, வலை, உப்பு மூட்டை, உரம் இருக்கும் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.